உறுமியிடம் ஏமாந்தவர்

எட்டாவதோடு நின்றுவிட்ட நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து திருநகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர். உறுமி மேளத்தை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த ஒலிப்பதிவுக்காரரிடம் சொன்னார்:

"என் பொண்டாட்டியே ஏமாந்துட்டா மாப்ள."

"நான் என்னண்ணே பண்ணேன்?"

"நீ பதிஞ்சு குடுத்தத உள்ள ஸ்பீக்கர்ல போட்டுட்டு வாசல்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். அடுப்படியில இருந்து கத்துறா, 'வாசிச்சது போதும், சாப்பிட வாங்க'ன்னு."

ஒலிப்பதிவுக்காரர் சிரித்தார்.

"போன தடவ பதிஞ்சத தகர டப்பா சத்தம்னு திட்டுனீகளே?"

"பின்ன? தோல்ல ஒட்டுற மாதிரி மைக்க வச்சா அடிதான் விழும். குச்சியத் தேய்க்கையில வர்ற உறுமல் எங்க விழும்? அதக் கேட்டுட்டுத்தான நானும் நாயனக்காரரும் இனி பதிய வரமாட்டோம்னோம்."

"இந்தத் தடவ உங்கள மட்டும் கெஞ்சிக் கூட்டியாந்து, ஆள் நின்னு கேக்குற தூரத்துல மைக்க வச்சேன். அம்புட்டுத்தேன்."

"அம்புட்டுத்தேன். இன்னைக்கு நாயனக்காரர் வீட்டுல போட்டுக் காட்டப்போறேன். இனியும் மாட்டேம்பாரான்னு பாப்போம்."

"அவர விட்டுட்டு அவுக சம்சாரத்துக்குப் போட்டுக் காட்டுங்கண்ணே."

மறுநாள் அதே பேருந்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாமவர் மடியில் நாயனம் இருந்தது.