விடுப்புக்கு அடங்கிய முகம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! நின்று நின்றே கால் வீங்கிய என் கடைத் தோழர்களே! கைகூப்பி வணங்குகிறேன்.

என் அக்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழகுப்பொருள் கடையில் கண்மை விற்றவள். கண்மை அக்கா என்றால் உங்களுக்கே தெரியும். வேண்டாம், கைதட்டாதீர்கள். கைதட்டும் கதையல்ல.

ஒருநாள் மேலாளர் சொன்னார்: "என்னம்மா, கண்ணைச் சுத்தி இவ்வளவு சுருக்கம்? உன் மூஞ்சியப் பாத்துட்டு எவ கிரீம் வாங்குவா? சரி பண்ணிட்டு வா, இல்லன்னா குடோனுக்குப் போ."

அந்தச் சுருக்கத்தைத் தந்தது யார்? கண்கூசும் விளக்கின் கீழ் காலமெல்லாம் நிறுத்தியது யார்? சிரி, சிரி என்று சிரிக்கவைத்தது யார்?

தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா தெளிவாகவே சொன்னார்: "லேசர்ல ரெண்டு வழி இருக்கும்மா. லேசா, விட்டு விட்டு, பல தடவை பண்றது ஒண்ணு. ஆழமா ஒரே தடவை பண்றது இன்னொண்ணு. இமைத் தோல் ரொம்ப மெல்லிசு, உங்களுக்கு முதல் வழிதான் நல்லது. ஆழமாப் பண்ணா, புண் ஆறுற வரைக்கும் வெயில் கூடாது, மேக்கப் கூடாது."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ரெண்டுல எதுக்கு டாக்டர் ஒரு தடவை லீவு போட்டாப் போதும்?"

தோழர்களே, முகத்துக்கு எது நல்லது என்று அவள் பார்க்கவில்லை. விடுப்புக்கு எது அடங்கும் என்று பார்த்தாள்!

"யோசிச்சுப் பண்ணுக்கா" என்றேன்.

"போடா பெரிய மனுஷா! ஒவ்வொரு தடவையும் லீவுக்குப் பல்லைக் காட்ட நீ வர்றியா?" என்று சிரித்தாள். கண்ணோரம் சுருங்கச் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

ஆழமாக ஒரே தடவை செய்துகொண்டாள். புண் ஆறவில்லை, மேலாளரிடமிருந்து போன் வந்துவிட்டது. "தள்ளுபடி ஆரம்பிச்சாச்சு, வந்து நில்லு. நீ விக்கிற பவுண்டேஷனையே பூசி மறைச்சுக்கோ!"

பூசினாள். ஊருக்கெல்லாம் அழகு பூசிய விரலால் தன் புண்ணின்மேல் பூசினாள். சீழ் பிடித்தது. ஆறியபோது தழும்பு கீழிமையை இழுத்துவிட்டது. இன்று வலது கண் முழுதாக மூடுவதில்லை. ஓயாமல் நீர் வடிகிறது. வாங்க வந்த பெண் ஒருத்தி, "ஏம்மா அழறே?" என்று கேட்டாள். "அழலைங்க, கண்ணு மூட மாட்டேங்குது" என்றாள் அக்கா. மறுநாளே அவளைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். எதற்குப் பயந்து முகத்தைக் கொடுத்தாளோ, அதே கிடங்கு!

என்ன கேட்கிறீர்கள்? மேலாளரா? சௌக்கியமாக இருக்கிறார். இப்போது அவர் பொறுப்பில் இரண்டு கடை.

மருத்துவர் சொல்லும் காலம் முழுதும் விடுப்பு வேண்டும். முகத்தைக் குறை சொல்லி யாரையும் மிரட்டக் கூடாது. இதற்குத்தான் நாளை கடைவாசலில் நிற்கப்போகிறோம். நிற்பது நமக்குப் புதிதா?

விளக்குக்காரரே, பின்பக்க விளக்கை அணைத்துவிடுங்கள். கடைசி வரிசையில் அக்கா இருக்கிறாள், கண் கூசும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. போகும்போது அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். அழாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.