டோலியில் படுத்திருந்தவன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சற்றுப் பருமனான மனிதன். மேல்மலையில் பிறந்தவர்கள் பெரும்பாலும் ஒட்டிய வயிறும் உருண்ட கெண்டைக்காலும் உடையவர்கள். பூண்டு மூட்டை சுமந்த காலத்தில் நானும் அவ்வாறே இருந்தேன். முப்பது வயதைக் கடந்து, முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்று, நாற்காலியில் அமரும் உத்தியோகம் பெற்ற பின்னர் என் உடம்பு தன் விருப்பம்போல் வளரலாயிற்று. கல்வியின் பயன் எனக்கு முதலில் வயிற்றில்தான் தென்பட்டது.

ஐயா, இச்செய்திக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று தாங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. அன்று அந்த எடையை நால்வர் தோளில் சுமந்தனர்.

நேற்று நான் இக்காவல் நிலையத்துக்கு வந்தபோது தாங்கள் பேனாவைத் திறக்கவே மறுத்தீர்கள். "யோவ் அழகுமலை, டோலியில படுத்துக் கெடந்ததுக்கு எந்தச் செக்‌ஷன்யா போடுறது? போய்ச் சோலியப் பாருய்யா" என்றீர்கள். தங்கள் ஐயம் நியாயமானதே. ஆகவே இன்று வெள்ளனே எழுந்து, செய்திகளை முன்பின் முரணின்றி மனத்தில் அடுக்கிக்கொண்டு வந்துள்ளேன். தயைகூர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மேல்மலை நலச் சங்கத்தின் களப்பொறுப்பாளன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நான் ஒரு திட்டம் வகுத்தேன். அதற்கு முன்னர், கிளாவரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால் அவ்வூர் ஆண்களே அவளை டோலியில் வைத்து, ஜீப் வந்து நிற்கும் மன்னவனூர் வரையில் சுமக்க வேண்டும். பாதி வழியில் தோள் வீங்கிவிடும். பலர் போகவே அஞ்சினர். நான் சொன்னது எளிய யோசனை: ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்கல் வரையில் சுமந்தால் போதும். அங்கே அடுத்த ஊரார் காத்திருந்து தோள் மாற்றுவர். அவர்களுக்குச் செய்தி சொல்ல, கோயில் திருவிழாவில் ஊதும் கொம்பே போதும். விட்டுவிட்டு ஊதினால் "டோலி புறப்பட்டது" என்று பொருள். விடாமல் ஊதினால் "உயிருக்கு ஆபத்து" என்று பொருள். கிளாவரை, பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் ஆகிய நான்கு ஊர்களில் இத்திட்டம் பலித்தது. செத்துப்போவாள் என்று ஊரே அழுத பெண்கள், கைக்குழந்தையோடு திரும்பி வந்து என் அறை வாசலில் பூண்டுக் கட்டு வைத்துவிட்டுப் போயினர். அந்நாள்களில் நான் கர்வமுற்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆறாம் ஆண்டில், வெளிநாட்டு அறநிதிக் குழு ஒன்று எங்கள் சங்கத்துக்கு எழுதியது. புதிய யோசனைகளுக்கு அவர்கள் பொருளுதவி செய்வதில்லை. ஏற்கெனவே பலித்த ஒன்றைப் பல ஊர்களுக்குப் பரப்புவதற்கே செய்வர். பசித்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, உண்டு ஏப்பம் விட்டவனுக்கு இரண்டாம் பந்தி போடும் தருமம் இது என்று நான் எங்கள் செயலாளர் சுவாமிநாதனிடம் வேடிக்கையாகக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் அழகுமலை, அந்த ஏப்பம் நல்லா சத்தமா வரணும். அதைக் கேக்கத்தான் மேடம் நேர்ல வர்றாங்க. டெமான்ஸ்ட்ரேஷன் நடுவுல ஒரு நிமிஷம் நின்னாலும் இருபது ஊர் போச்சு" என்றார்.

இருபது ஊர். அவ்வெண்ணைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நான் அன்று முழுவதும் அதை மனத்தில் கொண்டிருந்தேன்.

அறநிதிக் குழுவின் அம்மையார், நாங்கள் டோலி சுமந்து காட்டுவதைக் காணச் சென்ற மாதம் கிளாவரைக்கு வந்தார். நல்ல உள்ளம் படைத்தவர். நோயாளியாகப் படுப்பதற்கு நான் முதலில் தேர்ந்தது சுந்தராம்பாளை. அவள் நிறைமாதக் கர்ப்பிணி. டோலி சுமக்கும் நல்லுசாமியின் மனைவி. அம்மையாரின் பார்வைக்கு அவளைவிடப் பொருத்தமான நோயாளி கிடையாது. ஆனால் புறப்படும் வேளையில், டோலியில் ஏறி அமர்ந்த அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, காலையிலேருந்து இடுப்பு ஒரு மாதிரி கடுக்குது. படுத்துக்கிட்டா சரியாயிரும். போவமா?"

நான் சிந்தித்தேன். இவளுக்கு வழியில் உண்மையாகவே வலி கண்டுவிட்டால் எல்லாரும் பதறுவர். தோள் மாற்றும் ஒழுங்கு குலையும். பெண்கள் சூழ்ந்துகொண்டு வழியை மறிப்பர். ஆய்வு நாளில் உண்மையான நோயாளியைப் போல் இடையூறு வேறு இல்லை. ஆகவே அவளை இறங்கச் சொன்னேன். "உனக்கு ஓய்வு தேவை, தாயி" என்றேன். அம்மையார் அதனை மொழிபெயர்க்கச் செய்து கேட்டு, என் கருணையை மெச்சினார். பின்னர் நானே டோலியில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

நால்வரும் தூக்கினர். முன்மூங்கிலில் நல்லுசாமியும் பொன்னுவேலும் இருந்தனர்.

"ஏலே நல்லு, பிள்ளை ஒண்ணா ரெட்டையான்னு கேளுலே" என்றான் பொன்னுவேல்.

"பிள்ளையா? இது சங்கத்து உருளக்கெழங்கு மூட்டைலே. சந்தையில எறக்குனாத்தான் தெரியும்."

"அண்ணே, முக்காம வாங்க. வழியிலேயே பெத்துப்புடாதீக."

அனைவரும் சிரித்தனர். அம்மையாரும் பொருள் அறியாமலே சிரித்தார். நானும் சிரித்தேன். ஐயா, நான் என் வாழ்நாளில் எத்தனையோ சுமைகளைச் சுமந்திருக்கிறேன். என்னை ஒருவர் சுமந்தது அதுவே முதல்முறை. மூங்கில் மெல்ல வளைந்து நிமிரும். மரக்கிளைகள் நம் முகத்துக்கு மேலே பின்னோக்கி நகரும். பாதையில் கிடக்கும் கல் எதுவும் நம் காலுக்குத் தெரியாது. அதனை விரிவாக எழுத வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எங்கள் மலை வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். உயிருள்ள ஒருவரை ஏற்றிய டோலியை இடைவழியில் தரையில் இறக்கமாட்டார்கள். இடைவழியில் இறக்கப்படுவது பாடை மட்டுமே. அடுத்த எல்லைக்கல் வரும் வரையில் தூக்கியவர் தோளை விலக்கவும் கூடாது. படுத்திருப்பவரே தம் வாயால் "இறக்குங்கள்" என்றால்தான் இறக்கலாம். வேறு எவர் சொன்னாலும் செல்லாது. தூக்குபவனைப் பெற்ற தகப்பனே வழிமறித்து நின்றாலும் செல்லாது. இவ்வழக்கத்தை நான் திட்டத்தின் தலையாய ஒழுங்காக அமைத்திருந்தேன்.

பூண்டி எல்லைக்குப் பாதித் தொலைவு சென்றிருப்போம். பின்புறமிருந்து கொம்போசை எழுந்தது. கிளாவரையில் கொம்பு ஊதுபவன் மணியன். நாங்கள் புறப்படும்போதே அவன் ஊதி முடித்திருந்தான். இப்போது விடாமல் ஊதினான்.

நல்லுசாமியின் நடை தடுமாறியது. டோலி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, விடாம ஊதுதுண்ணே."

"மணியன் வேடிக்கை காட்டுறாம்லே. வெள்ளைக்காரம்மா வந்திருக்குல்ல" என்றான் பொன்னுவேல்.

"வேடிக்கைக்கு விடாம ஊதுவானாலே? நம்மூருல நெறமாசமா இருக்குறது எம் பொண்டாட்டி ஒருத்திதான். அண்ணே, எறக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. டோலியத் தூக்கிக்கிட்டு வெரசா திரும்பிருவோம்."

அருகில் நடந்துவந்த சுவாமிநாதன் குனிந்தார். "மேடம் கேக்குறாங்க, அது என்ன சவுண்டுன்னு. புரோகிராம்ல இல்லையே?"

நான் கண்களை மூடியிருந்தேன். வலியால் துடிக்கும் நோயாளி பேசுவது இயற்கைக்கு மாறானது. ஆயினும் அவரிடம் தாழ்ந்த குரலில், "வழியனுப்பும் மரியாதை என்று சொல்லுங்கள்" என்றேன். அம்மையார் அவ்வோசையைக் கேட்டு மனம் நெகிழ்ந்தார் என்று பின்னர் அறிந்தேன்.

"அண்ணே, உங்களத்தாண்ணே. ஒரே வார்த்தை."

நான் "அம்மா" என்று முனகினேன். நன்றாகவே முனகினேன்.

அதன் பின்னர் நல்லுசாமி கெஞ்சவில்லை. நடக்கத் தொடங்கினான், பிறகு கிட்டத்தட்ட ஓடினான். மற்ற மூவரும் அவனுக்கு ஈடுகொடுத்து ஓடினர். எல்லைக்கல்லுக்குச் சென்றால்தான் தன் தோள் விடுபடும் என்பதால் அவன் ஓடினான். அம்மையார் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து வியந்தார். அத்தனை விரைவை அவர் எதிர்பார்க்கவில்லை. கொம்போசை எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. மணியனுக்கு இவ்வளவு மூச்சு உண்டு என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

எல்லைக்கல்லில் பூண்டி ஊரார் தயாராய் நின்றனர். டோலி கல்மேல் இறங்கியது. நல்லுசாமி என் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"எந்திரிங்கண்ணே. டோலியக் குடுத்துருங்க. இதுதான் இருக்கு, வேற இல்ல."

அவன் கூறியது உண்மை. அவ்வழியில் இருந்த நல்ல டோலி அது ஒன்றே. மற்றவற்றை ஆய்வை முன்னிட்டு வண்ணம் பூசி, மன்னவனூரில் வரிசையாக நிறுத்தியிருந்தோம். அம்மையார் நாலடி தொலைவில் நின்றார். நான் எழுந்தால் நோயாளி எழுந்துவிடுவான். நோயாளி எழுந்தால் ஆய்வு நின்றுவிடும். நான் கண்களைத் திறக்கவில்லை. பூண்டிக்காரர்கள் தோள் கொடுத்தனர். நல்லுசாமியின் காலடியோசை மேட்டை நோக்கி ஓடுவது கேட்டது. பொன்னுவேல் மட்டும் சற்று நேரம் டோலியின் மூங்கிலைப் பற்றியவாறே கூட நடந்து வந்தான். "நல்லா இருங்கண்ணே" என்றான். பிறகு அவனும் கையை விட்டான்.

கவுஞ்சி எல்லையிலும் நான் இறங்கவில்லை. மன்னவனூரில், ஜீப்பின் அருகில், கைதட்டலுக்கிடையே இறங்கினேன். அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் நடிப்பு இயல்பாக இருந்தது என்றார்.

சுந்தராம்பாளை ஒரு கம்பளியில் கிடத்தி, கம்பளியை மூங்கிலில் கட்டி எடுத்து வந்தனர். இரத்தம் நிற்கவில்லை. பூண்டி எல்லைக்கல்லுக்கு முன்னமேயே நல்லுசாமி மூங்கிலைத் தரையில் இறக்கினான். அப்போது இறக்குவதற்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை.

தாங்கள் இதில் குற்றம் எது என்று கேட்கிறீர்கள். தெளிவாகக் கூறுகிறேன். அவளுக்கு வலி தொடங்கியதை அறிந்தே, அவள் ஏறிய டோலியிலிருந்து அவளை இறக்கினேன். அவ்விடத்தில் நான் படுத்தேன். கொம்பின் பொருளை நானே கற்பித்தவன். ஆகவே அது என்ன சொல்கிறது என்பதை அறிந்தேன். ஒரு சொல்லில் அவளைக் காத்திருக்கலாம். அச்சொல்லை நான் சொல்லவில்லை. எங்கள் மலைப்பேச்சில் இதற்குக் கொலை என்று பெயர். தங்கள் சட்டப்புத்தகத்தில் வேறு பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சுமக்கப்படும் சுகத்துக்காகவே நான் இறங்கவில்லை என்று பொன்னுவேல் ஊரெல்லாம் சொல்லி வருகிறான். அதை மட்டும் நான் மறுக்கிறேன். இருபது ஊர்களுக்காகவே இறங்கவில்லை. மன்னவனூர் எல்லைக்கு முன்னால் சற்று உறங்கிவிட்டேன் என்பது உண்மை. அது களைப்பு.

அறநிதிக் குழு இசைவளித்துவிட்டது. முதல் விரிவாக்கம் கீழே பண்ணைக்காட்டுப் பக்கம். குழுவின் தலைவர்களே பார்வையிட நாளை வருகின்றனர். நோயாளியாகப் படுக்கப் பழகியவர் சங்கத்தில் வேறு எவரும் இல்லாமையால் அப்பொறுப்பும் என்னைச் சேர்ந்துள்ளது. எனவே கையொப்பத்தைச் சற்று விரைவாக வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வெளியே ஜீப் காத்திருக்கிறது. என் பிழையிலிருந்து நான் பாடம் கற்றுள்ளேன் என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காட்டுப் பக்கத்து ஊர்களின் கொம்புகள் யாவற்றையும் முன்னதாகவே வாங்கி, சங்க அறையில் பூட்டி வைத்துவிட்டேன். இனி ஆய்வு நாளில் இத்தகைய துயரம் எங்கள் காதில் விழாது.