எங்கள் வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸ்

பெயர் மேலே எழுதியுள்ளபடி. வயது முப்பத்தெட்டு. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் முகவரியை இரண்டு முறை கேட்டார். இந்த வழக்கே அந்த முகவரியால் வந்ததுதான்.

என் கணவர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் சோதனையாளர். அதைப் பயன்பாட்டுக்கு வெளியே விடலாமா வேண்டாமா என்று கடைசியில் சொல்ல வேண்டியவர் அவர். லேசில் தலையாட்ட மாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பெயர். கத்தரிக்காய் வாங்கினாலும் அதே கதைதான் என்று நானும் கேலி செய்வேன்.

கூப்பிடுபவரின் முகவரி வரைபடத்தில் இல்லாவிட்டால், புதிய மென்பொருள் மையத்து ஆளிடம் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தப் பகுதி முடியவில்லை. சோதனை பாதியில் நிற்கக் கூடாதென்று, அந்த இடத்தில் எங்கள் வீட்டு முகவரியைத் தற்காலிகமாகப் போட்டு வைத்திருந்தார். அதனால் எல்லாச் சோதனையும் தேறியது. அதைக் காட்டியே மேலாளர் அவசரப்படுத்தினார். இவர் இன்னும் ஒரு வாரம் கேட்டார்.

சனிக்கிழமை மாலை மேலாளர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இருவர் பேச்சும் எனக்குக் கேட்டது. இவர் முடியாது என்றார், அதன்பின் முகவரி விஷயத்தைச் சொன்னார், அதற்கு மேலாளர் அப்படிப்பட்ட அழைப்பு எப்போதாவதுதான் வரும், திங்களன்று சரிசெய்துகொள்ளலாம் என்றார், அதன்பின் இவர், "சரி, வெளியே விட்டுடலாம்" என்றார். அன்றிரவே அது மையத்தில் ஓடத் தொடங்கியது.

ஞாயிறு காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இருவர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி, மூச்சுத் திணறுகிற அம்மா எங்கே என்று கேட்டார்கள். இங்கே அப்படி யாருமில்லை என்றேன். என் மகள் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆபீஸில் இருந்த கணவருக்குப் போன் செய்து, "நம்ம வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்குங்க" என்றேன். போனை அணைக்காமலே அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா இறந்துவிட்டதாகப் பிற்பகலில் தெரிந்தது. அவர்கள் தெரு புதியது, வரைபடத்தில் ஏறவில்லை.

வக்கீலாக இருக்கும் என் அண்ணன், அவர் ஒரு வாரம் கேட்டதை மட்டும் சொல், சம்மதித்ததைச் சொல்லாதே, நீ சொல்லாவிட்டால், அவர் சம்மதித்தார் என்பது மேலாளரின் வெறும் பேச்சாகத்தான் நிற்கும் என்றார். நானும் அப்படியே இருந்துவிட நினைத்தேன்.

நேற்று ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, அந்த அம்மாவின் மகன் என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். வண்டி வந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க வண்டி திரும்ப இடம் இருக்கு. எங்க தெரு குறுகல். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கெஞ்சி, காரையெல்லாம் எடுக்க வச்சு, வழி பண்ணிட்டு நின்னேங்க" என்றார். உள்ளே இருந்த என் கணவர் அவர் எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. வந்தவர் போன பிறகும் இவர் அப்படியே நின்றார்.

என் கணவரால் சொல்ல முடியாததை நான் சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'சரி' என்று அவர் சொன்ன இடத்தை அடித்துவிட வேண்டாம்.

(கையொப்பம்)