வளைவில் நூற்றுப்பத்து

உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர இன்று எனக்கு முப்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. போன வருடம் இதே தூரத்துக்கு நாற்பத்தொன்று. இந்த ஒன்பது நிமிடத்தை உங்களுக்கும் எனக்கும், அந்த நெடுஞ்சாலையில் போகிற எல்லாருக்கும் மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். வாகன ஓட்டிகள் சங்கம் ஒரு பாராட்டுக் கடிதம் போட்டது. மற்றபடி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரசாங்க வேலையில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் செயற்பொறியாளர். வேகப் பலகையில் ஒரு எண் எழுதியிருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பெரிய பெரிய நிபுணர்கள் கூடி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சாலையோரம் ஒரு காரை நிறுத்தி, ரேடார் கருவியோடு ஓர் ஆளை உள்ளே உட்கார வைப்போம். போகிற வண்டிகளின் வேகத்தை அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். நூறு வண்டிகளில் எண்பத்தைந்து எந்த வேகத்தைத் தாண்டவில்லையோ, அதுவே அந்தச் சாலைக்குப் பொருத்தமான வேகம். அதாவது ஜனங்கள் எப்படிப் போகிறார்களோ, அதையே எழுதி ஜனங்களிடம் திருப்பிக் கொடுக்கிறோம். ஒருவன் செய்தால் அபராதம், எண்பத்தைந்து பேர் செய்தால் அரசாணை. இதைவிட ஜனநாயகமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அந்த ஒருவனாக மாட்டிக்கொண்டவன் நான். எண்பது போட்டிருந்த அதே சாலையில் தொண்ணூற்றாறில் போனேன். பக்கத்து சீட்டில் என் அண்ணன் இருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காவலர் என் அடையாள அட்டையைப் பார்த்ததும் இளகிவிட்டார். "எண்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பீங்க சார், அவ்வளவுதானே? மெஷின் சில நேரம் கூடக் காட்டும்" என்று அவரே எனக்கு வழி போட்டுக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். அண்ணன் குனிந்து என் பக்கத்து ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"இல்லைங்க, மெஷின் சரியாத்தான் இருக்கு. தொண்ணூத்தாறு. முள்ளை நானே பார்த்துட்டுதான் வந்தேன்."

ஏற்கெனவே ஒரு முறை மாட்டியிருந்ததால் மூன்று மாதம் உரிமம் போயிற்று. பதவி உயர்வுப் பட்டியலில் முதலாவதாக இருந்த என் பெயரும் போயிற்று. வேகப் பலகை நடுகிற அதிகாரியே வேகமாகப் போய் உரிமத்தைப் பறிகொடுத்தால் அவனை எப்படி மேலே தூக்கி வைப்பார்கள்? என்னைவிட ஆறு வயது இளையவன், என்னிடம் வேலை கற்றவன், எனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தான். "மனசுல வச்சுக்காதடா, உண்மையைத்தானே சொன்னேன்" என்றார் அண்ணன். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அவர் நல்லவர். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தம்பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த மூன்று மாதமும் தினமும் காலை ஏழு இருபதுக்கு என் வீட்டு வாசலில் வந்து ஒரே ஒரு ஹாரன் அடிப்பார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்னைக் கொண்டுவந்து அலுவலகத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவார். முள் எண்பதில் நிற்கும். எண்பத்தொன்றுக்கும் போகாது, எழுபத்தொன்பதுக்கும் வராது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"கொஞ்சம் மெதுவாப் போனா குடியா முழுகிடும்?"

"சிக்னல் குடுத்தப்புறம் வண்டியை உருட்டிக்கிட்டுப் போறதும் தப்புதான்டா. பின்னால வர்றவன் என்ன பாவம் பண்ணினான்? போர்டுல என்ன போட்டிருக்கோ அதுல போகணும். போட்டவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றவர் என் முழங்காலில் தட்டினார். "நீங்கதானடா போடறீங்க."

முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் ஒரு வளைவு இருக்கிறது. இடது பக்கம் வெட்டிய குன்று, வலது பக்கம் கைவிட்ட கல்குவாரி. அங்கே மஞ்சள் பலகையில் அறுபது என்று போட்டிருந்தது. பலகை வந்ததும் அண்ணன் அறுபதுக்கு இறங்குவார். வளைவு முடிந்ததும் எண்பதுக்கு ஏறுவார். அறுபத்து மூன்று நாள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏதாவது தோன்றத்தான் செய்யும். எனக்குச் சாலை மேம்பாடு தோன்றியது.

உரிமம் திரும்பி வந்த வாரமே கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டேன். நேரான இடமாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்து ஆளை உட்கார வைத்தேன். டிராக்டர் இல்லை, சைக்கிள் இல்லை, பள்ளி வேன் இல்லை. நூற்றொன்பது வந்தது. நூற்றுப்பத்து என்று முழுசாக்கினேன். வந்த எண் ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை, பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். என் புதிய மேலதிகாரி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். வேகத்தைக் கூட்டுகிற அதிகாரியை யாருக்குத்தான் பிடிக்காது?

வேகம் மாறினால் பழைய பலகைகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். அதற்கு இரண்டு பட்டியல். முதல் பட்டியல் வேகப் பலகைகள். அதில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது, வளைவுகளுக்கான மஞ்சள் பலகைகள். அதை எங்கள் உதவிப் பொறியாளர் கொண்டுவந்தாள். சின்னப் பெண், வேலையில் கெட்டி.

"முப்பத்தொண்ணாவது கிலோமீட்டருக்கு உடனே வைக்கணும் சார். அந்த வளைவுல சாய்வு பத்தாது. எழுபதுக்கு மேல வண்டி நிக்காது."

கோப்பின் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதிக் கீழே அனுப்பினேன். எங்கள் அலுவலகங்களில் இது ஓர் அருமையான சொல். மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நேரில் வந்து பேசு என்கிறோம். அவள் பேச வரும்போது நான் போனில் இருப்பேன், இல்லையென்றால் கூட்டத்தில் இருப்பேன். கோப்பு தூங்கும். நான்கு முறை அவள் அனுப்பினாள், நான்கு முறையும் எழுதினேன். இருபத்தெட்டு வருட சர்வீஸில் "பேசவும்" எழுதியதற்காக ஒருவன் மேல் நடவடிக்கை எடுத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் அந்த வளைவில் ஒரு காய்கறி வேன் கவிழ்ந்தது. ஓட்டுநருக்குத் தோள்பட்டை முறிந்தது. உதவிப் பொறியாளர் கண் கலங்கிப் போய் என் அறை வாசலில் நின்றாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் சாய்வைப் பற்றி அவள் போட்ட கணக்கு சரி என்று தெரிந்துவிட்டது. ரொம்ப உழைக்கிறாய் அம்மா என்று சொல்லி அவளைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பி வைத்தேன். சாலைப் பாதுகாப்புப் பயிற்சி.

ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஆபத்தில் தள்ளினாயே என்று கேட்பீர்கள். தள்ளவில்லை. வேன்காரனைப் போல ஒன்றிரண்டு பேர் தவிர, ஜனங்களுக்குக் கண் இருக்கிறது. வளைவைப் பார்த்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பலகையை யார் சார் மதிக்கிறார்கள்? அந்தச் சாலையில் பலகையை மட்டுமே நம்பி ஓட்டுகிற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை அவர் மகள் வீட்டுக்குப் போவார்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார். கார் குவாரிக்குள் இறங்கிவிட்டது. அண்ணிக்கு முழங்கால் வலி, இந்த மாதம் வரவில்லை என்று சொல்லியிருந்தார். கடைசி நிமிடத்தில் மனசு மாறி ஏறிக்கொண்டிருக்கிறார். அது என் கணக்கில் இல்லை. அண்ணி மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் அழுதேன். நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதேன். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். வேலைக்கும் ஒழுங்காகப் போனேன். நேற்று அண்ணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் உங்களைத் தேடி வந்திருக்கவும் மாட்டேன். ஒரு காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து உங்கள் காவல் துறை கொடுத்த விபத்து அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினார்.

"அதிவேகமா ஓட்டினதால விபத்துன்னு எழுதிட்டாங்க தம்பி. பேப்பர்லயும் போட்டுட்டாங்க. உங்க அண்ணன் ஒரு நாளாவது அப்படி ஓட்டியிருக்காரா? நீங்க பெரிய ஆபீசர். ஒரு வார்த்தை சொல்லி மாத்தக் கூடாதா?"

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் வாய் கூசாமல் எழுதுவார்களா?

இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் உங்களால் அறிக்கையைத் திருத்த முடியாது. அவர் யோசிக்காமல் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"ஏண்டா, அந்த வளைவுல மஞ்சள் போர்டைக் காணோமாமே? இப்ப அதுல எவ்வளவுல போறது?"

"சாய்வைச் சரி பண்ணிட்டோம்ணா. அதான் எடுத்துட்டோம். நூத்திப்பத்துலயே போகலாம்."

"அப்படியா? சரிடா. நீ சொன்னாப் போதும்" என்றார். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அப்புறம் வைத்துவிட்டார்.

ஆகவே தயவுசெய்து "ஓட்டுநரின் அதிவேகம்" என்கிற அந்த வரியை அடித்துவிடுங்கள். நூற்றுப்பத்து போட்ட இடத்தில் அவர் நூற்றுப்பத்தில் போனார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று விதி இருந்தால் அதில் என் பெயரை எழுதுங்கள். அவர் சாக வேண்டும் என்று திட்டம் போட்டு நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர் மேல் அபாண்டமாக ஒரு பழி விழுந்தால் என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர்.