ஒரு பக்கத் தாள்

அறுபத்தி மூணு பக்கம், மக்கீன் நானா. அறுபத்தி மூணு. பேனையில, கையால எழுதினது. இந்தா, இந்த மேசைக்குக் கீழதான் வச்சிருந்தேன், இப்ப பாருங்க, வெறும் தூசி... கையில என்ன சுருட்டி வச்சிருக்கீங்க, கொப்பி அடிக்கவா? இருங்க, மெஷின் சூடாகட்டும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க நானா.

வேற கொப்பி இல்லியான்னா கேக்குறீங்க? இல்ல. உக்குவளையில பன்னெண்டு வருஷமா போட்டோகொப்பிக் கடை வச்சிருக்கிறவன், சொந்த நாவலுக்கு ஒரு கொப்பி எடுத்து வைக்கல்ல. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சிட்டேன்.

மாயாஜால நாவல் நானா. ஏழு ராஜ்யம், ஒரு நாகம், ஒரு கொளம். மொத எட்டு வருஷம் மெப்தான், தேசப்படந்தான் வரைஞ்சேன். ஆறு எங்க ஓடுது, எந்த ராஜாவுக்கு என்ன கொடி, அதெல்லாம். மாத்தளைக்கு ரயில் எத்தனை மணிக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நாகலோகத்துல எப்ப விடியும்னு கேளுங்க, சொல்றேன்.

அப்புறம் எழுத உக்காந்தா அசுரனுக்குப் பேச்சு வரமாட்டேங்குது. சரின்னு தம்புள்ளைக்கு பஸ் ஏறிப்போய், மரக்கறிச் சந்தையில ஒரு நாள் முழுக்க நின்னு, யாவாரிங்க கத்துறத எழுதிட்டு வந்தேன். இப்ப படிச்சா என் அசுரன் யுத்தகளத்துல நின்னு போஞ்சிக்கு வெல சொல்றான்.

ஆனா ஒரு ஒழுங்கு இருந்திச்சு. தாள்ல ஒரு பக்கம் மட்டுந்தான் எழுதுவேன். பத்திரிகைக்கு அனுப்புறவங்க அப்படித்தானே எழுதுவாங்க. எந்தப் பத்திரிகை எங்கிட்டக் கேட்டிச்சு, ஒண்ணும் கேக்கல்ல. இருந்தாலும் எழுத்தாளன்னா ஒரு முறை இருக்கில்ல.

இருங்க நானா, நீங்க அப்புறம் சொல்லுங்க. எனக்கு ரஜனி மேலதான் சந்தேகம். ஆமா, என் வீட்டுக்காரிதான். என் நாகத்த அடுப்புல போட்டியான்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். மூணு நாளாச்சு, மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போறா. பாணும் பருப்புந்தான் சாப்பாடு. பருப்பும் நானே வேகவைக்கிறது.

சரி, உங்களுக்கு என்ன அடிக்கணும்? போன கெழம உங்க மக றிப்னாவுக்கு கணக்கு டியூட் அடிச்சமே, அந்தப் பயிற்சித் தாள், தெளிவா வந்திச்சா? நீங்கதான், டியூஷனுக்குத்தானே, ஒரு பக்கம் ஏற்கெனவே அடிச்ச பழைய தாளே போதும்னீங்க. அந்த நேரம் பார்த்து அந்தப் பழைய தாளும் முடிஞ்சிருச்சு. நான்தான் குனிஞ்சு, மேசைக்குக் கீழ கெடந்த ஒரு பக்கத் தாள் கட்டு ஒண்ண எடுத்து...

எடுத்து...

நானா, உங்க கையில இருக்கிற அந்தத் தாளக் கொஞ்சம் திருப்புங்க.

என் கையெழுத்துத்தான். இந்தப் பக்கம் முக்கோணம், அந்தப் பக்கம் நாகம். என் கையாலயே மெஷினுக்குள்ள போட்டிருக்கேன். ரஜனி கால்ல எப்படி விழப்போறேன்னு தெரியல்ல.

மிச்சத் தாள் எங்க? றிப்னா தரமாட்டேங்குறாளா, ஏன்? ...எல்லாத்தையும் படிச்சிட்டாளா? கணக்குப் பக்கம் பாக்கவே இல்லியா? அது என் தப்பு நானா, புள்ளைய ஏசாதீங்க. ...அந்த அசுரனையுமா? பிடிச்சிருக்காமா?

அறுபத்தி நாலாம் பக்கத்தக் குடுத்தாத்தான் மத்ததத் தருவாளா? நாகம் கொளத்த விட்டு ஏறிச்சா இல்லியான்னு தெரியணுமாமா?

எனக்கே தெரியாது நானா. நாகத்தக் கொளத்துல எறக்கி விட்டுட்டு, நாலு மாசமா நான் பேனையத் தொடல்ல. கட்டு தொலைஞ்சப்போ கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்திச்சு. இத யாருக்கும் சொல்லிராதீங்க. அப்புறம் என்னாச்சுன்னு இதுவரைக்கும் எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல.

அந்தப் பேனைய இப்படிக் குடுத்துட்டு, போகும்போது கதவச் சாத்திட்டுப் போங்க. வெளிய யாராவது நின்னா, மெஷின் பழுதுன்னு சொல்லிருங்க.