இடக்கரை மணல்திட்டு

பைலட் என்று சொன்னால் எல்லோரும் உடனே வானத்தைப் பார்க்கிறார்கள். நீங்களும் பார்த்தீர்கள் சார், நான் கவனித்தேன். நான் ஆற்றுப் பைலட். என் கப்பல் பறக்காது. தெம்பான ஆள் சைக்கிளை மிதித்தால் கரையோரமாகவே அதை முந்திவிடுவான். இருபத்திரண்டு வருடமாக இந்த வேகத்தில்தான் பிழைப்பு ஓடுகிறது.

விதியைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். பழைய இரும்புப் பாலத்துக்கும் புதுப் பாலத்துக்கும் நடுவே பதினெட்டுக் கிலோமீட்டர். அதற்குள் அறுபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள எந்தச் சரக்குக் கப்பலும் லைசென்ஸ் உள்ள பைலட் இல்லாமல் வரக் கூடாது. நான் கப்பலில் ஏறி, மேலே சுக்கான் அறையில் நின்று, "கொஞ்சம் வலது, இப்போ நேர்" என்று சொல்வேன். சுக்கான்காரன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்புவான். ஆனால் நான் சொல்வது ஆலோசனைதான். உத்தரவு கேப்டனுடையது, அவர் வாயையே திறக்காவிட்டாலும். எதிலாவது மோதினால் முதலில் மாட்டுவது அவர். ஆற்றைத் தெரியாமல் ஆலோசனை சொன்னேன் என்று நிரூபித்தால்தான் என் லைசென்ஸ் போகும். எனக்கு ஆறு அத்துப்படி.

இரண்டாவது வளைவு தாண்டி, சிமெண்ட் கிடங்குக்கு எதிரே, இடப்பக்கம் ஒரு மணல்திட்டு இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் கப்பலின் அடியில் ஒரு உரசல் கேட்டது. அன்றைய கேப்டன், ஏதோ மரக்கட்டை மிதந்து வந்து இடித்திருக்கும் என்றார். கட்டைக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் வலக்கரையை ஒட்டித்தான் போகச் சொல்வேன். அரசாங்க வரைபடத்தில் அங்கே ஏழரை மீட்டர் ஆழம் போட்டிருக்கிறது. மற்ற பைலட்டுகள் நேராகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு நேரம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் நடந்த விபத்து உங்களுக்குத் தெரியும். ஜல்லி ஏற்றிய கப்பல். கேப்டன் கீழே சாப்பிடப் போயிருந்தார். வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன். சுக்கான்காரன் புது ஆள், வாய்த்துடுக்கு. திருப்பினான், ஆனால் சிரித்துக்கொண்டே, "இங்க திட்டு எதுவும் இல்லண்ணே, உங்களுக்குத்தான் தெரியுது" என்றான். கோபம் வந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. உள்ளங்கையைக் குவித்து அவன் இடது காதில் ஒரு அறை விட்டேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. சுக்கானின் மேல் அப்படியே சாய்ந்தான். பைலட் சுக்கானைத் தொடக் கூடாது என்று விதியில் இருக்கிறது; சுக்கான்காரனைத் தொடக் கூடாது என்று எங்கும் இல்லை. அந்தக் காது இப்போது கேட்பதில்லை என்கிறார்கள். இன்னொன்று நன்றாகவே கேட்கிறது.

அதற்கும் விபத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கப்பல் கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம் போய், பயணிகள் படகு ஏறும் மிதவை மேடையில் மோதியது. மேடை கரைச் சுவரோடு நசுங்கிவிட்டது. டிக்கெட் கொடுப்பவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மூன்று பேர். நர்ஸின் கை மட்டும் இடுக்கிலிருந்து வெளியே தெரிந்தது. குடையை விடாமல் பிடித்திருந்தது. நான் மேலே இருந்து பார்த்தேன்.

விசாரணையில், எதற்கு அவ்வளவு ஓரமாகப் போனீர்கள் என்று கேட்டார்கள். இடப்பக்கம் திட்டு, அதற்கு விலகினேன், மழைத்தண்ணீரின் இழுப்பில் கப்பல் தள்ளிப்போய்விட்டது என்றேன். மணல் இடம் மாறும், வரைபடம் பழசு என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சுக்கான்காரன் காதில் பஞ்சோடு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். சாப்பிடப் போன கேப்டனுக்கு லைசென்ஸ் போயிற்று. அது விதி, நான் போட்டதல்ல. அவர் இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

இனி என் மாப்பிள்ளையைப் பற்றி. என் தங்கையின் கணவர். பைலட் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் தேர்வாளர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் இருக்கும், அதனால் ஆற்றங்கரையில் எல்லோருக்கும் அவர் 'ஸ்கேல்'. எங்களுக்குள் பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொண்ணு பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கதவு சாய்ந்திருப்பதை அளந்து சொன்ன மனிதர் அவர். நான்தான் விழுந்து விழுந்து சிரித்து, இவர்தான் மாப்பிள்ளை என்று முடிவு செய்தேன். தங்கையை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அவரைப் போல ஒருவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு புது விதி வந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க வெறும் சொல் போதாது. வெள்ளைத் தாளில், மனப்பாடமாக, பதினெட்டுக் கிலோமீட்டரையும் வரைய வேண்டும். வளைவு, மிதவை, பாலத்தூண், ஆழம் எல்லாம். கப்பல் போகும் வழியில் ஆழம் ஓரிடத்தில் தப்பினாலும் ஃபெயில். நான் வரைந்தேன். திட்டையும் வரைந்தேன். உள்ளதைத்தானே வரைய முடியும்?

சொந்தக்காரர் தாளைச் சொந்தக்காரர் திருத்தக் கூடாது என்பதால் தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் இந்த ஆற்றில் அங்கே திட்டுப் போடுகிறவன் நான் ஒருவன்தான். பார்த்ததும் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளை இன்னொரு தேர்வாளரிடம் கொடுத்துவிட்டார். அந்த ஆள் திட்டைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு அனுப்பிவிட்டார்.

ஃபெயில் ஆனவன் ஆற்றைத் தெரியாதவன். ஆற்றைத் தெரியாதவன் அந்த மழைநாளில் என்ன சொல்லியிருப்பான் என்று எவனாவது யோசிப்பான். எனக்குத் தூக்கம் போயிற்று.

மாப்பிள்ளையேதான் வீட்டுக்கு வந்தார். "மச்சான், மனசு விடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் படகை எடுத்துட்டு ரெண்டு பேரும் போவோம். நீங்க அளந்து சொல்லுங்க, நான் எழுதறேன். திட்டு இருந்தா வரைபடத்தையே நான் மாத்தறேன்" என்றார். அளப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் குண்டு போட, ஒருவர் எழுத. அதுவும் விதி. அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார்.

காலை ஒன்பது மணி, நல்ல வெயில். ஆழம் பார்க்க என் சொந்த ஈயக்குண்டைக் கொண்டுபோனேன். மூன்றரைக் கிலோ. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பைத் தடவி விட்டால் கீழே இருப்பது ஒட்டிக்கொண்டு வரும். மணலா சேறா என்று தெரிந்துவிடும். மெஷினை நான் நம்புவதில்லை. சிமெண்ட் கிடங்குக்கு எதிரே படகை நிறுத்திக் குண்டைப் போட்டேன். ஏழரை மீட்டர். அடியில் கறுப்புச் சேறு.

"கொஞ்சம் இடதா பாருங்க மச்சான்." ஏழரை. "முன்னால போய்ப் பாப்போம்." ஏழே முக்கால். பதினோரு முறை போட்டேன். ஒரு மணற்பொடி வரவில்லை. நடுவில் தங்கை கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பெரிய பங்கை என் பக்கம் தள்ளினார்.

பிறகு சொன்னார். "இங்க ஒண்ணும் இல்ல மச்சான். வருத்தப்படாதீங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம். இந்த இடத்தை மட்டும் நேரா போட்டுடுங்க, முடிஞ்சுது."

அதோடு விட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருப்போம். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். அவரிடம் சூது கிடையாது. கதவு சாய்ந்திருக்கிறது என்று சொன்னவர்தானே.

"அப்போ அன்னிக்கு எதுக்கு மச்சான் அவ்ளோ வலது பக்கம் போனீங்க?"

மணல் நகர்ந்திருக்கும் என்றேன். நகர்ந்திருந்தால் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டுமே என்றார். இதை எழுத வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"எழுதாம எப்படி மச்சான்? அளந்துட்டோமே. அந்த கேப்டன் வேற வீட்டோட கிடக்காரு, பாவம்."

அவர் நோட்டைக் குனிந்து பார்த்தபோது குண்டைக் கயிறோடு சுழற்றிக் காதுக்கு மேலே அடித்தேன். ஓடு உடைவது போல ஒரு சத்தம். விழவில்லை. நிமிர்ந்து பார்த்து, "ஏன் மச்சான்?" என்றார். இரண்டாவது அடி நெற்றியில். அதில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதற்குக் கையைத் தூக்கி மறைத்தார், விரல்கள் முறிந்தன. நான்காவது சரியாக விழுந்தது. சட்டைப் பையிலிருந்த ஸ்கேல் இரண்டாக உடைந்திருந்தது. குண்டின் கொழுப்பில் முடி ஒட்டியிருந்தது. துடைத்தேன்.

அவரை ஆற்றில் விட்டுவிட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடும். அப்புறம் நாங்கள் திட்டில் மோதினோம் என்று யார் நம்புவார்கள்? அவர் திட்டிலேயே கிடக்க வேண்டும். அதனால் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, குண்டோடு மெதுவாக இறக்கினேன். மறுமுனையை விடாமல் பிடித்திருந்ததால் முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கையைத் தாண்டிப் போயின. பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழரையில் நின்றது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. குமிழி நிற்கும்வரை இருந்துவிட்டுக் கயிற்றை அறுத்தேன்.

பிறகு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த பக்கத்தில் அவர் எழுத்து மாதிரியே 'ஒன்றேகால் மீட்டர், மணல்' என்று பதினோரு வரி எழுதினேன். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். நங்கூரத்தின் முனையால் படகின் அடிப்பலகையை உடைத்து முழுக விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தினேன். தங்கை வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காவலாளி மட்டும்தான் இருந்தார். நோட்டை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் தங்கையிடம் போய், படகு திட்டில் மோதிவிட்டதம்மா என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

உங்கள் முக்குளிப்பவர்கள் மறுநாள் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தேடலாம் என்று வந்தவர்களுக்குக் கால் எட்டவில்லை. ஏழரை மீட்டர் கீழே, நான் வைத்த இடத்திலேயே, என் குண்டோடும் என் முடிச்சோடும் அவர் இருந்தார். நான் கட்டாமல் விட்டிருந்தால் அவர் கிடைத்திருக்கவே மாட்டார் என்று உங்கள் இன்ஸ்பெக்டர் சிரித்தார். படகின் பலகை உள்ளிருந்து வெளியே பிளந்திருக்கிறது என்றார். எல்லாம் சரிதான். நான் எதையும் மறுக்கவில்லை.

நேற்று தங்கை வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, அங்க திட்டு இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"இருந்துச்சும்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் வாக்குமூலத்தைப் படித்தேன் சார். அழகான கையெழுத்து. மூன்று அடி என்று போட்டிருக்கிறீர்கள், நான்கு. திருத்திக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறக்கும்போது அவருக்கு உயிர் இருந்தது என்பதும் உண்மை, எனக்குத் தெரியும், எழுதிக்கொள்ளுங்கள். தங்கையின் தாலியை அறுத்தவன் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். கடைசிப் பக்கத்தில் 'குறிப்பிட்ட இடத்தில் மணல்திட்டு எதுவும் இல்லை' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். டிக்கெட்காரர், நர்ஸ், வாத்தியார், அந்த மூன்று பேரின் சாவுக்கு நான் காரணம் இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை சார்.