தடிமன் என்று எழுதிய பதினான்கு வியாழக்கிழமைகள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் எம் வைத்தியசாலையைத் தாங்கி நின்று, இந்த மார்கழியோடு ஓய்வு பெறும் தலைமைத் தாதி திருமதி பெர்னடெட் அவர்களுக்கு, ஊழியர் அனைவரும் உவந்தளிக்கும் மடல்.

கலங்கியவரைக் கண்டால் கரம் நீட்டும் கனிவே! வெள்ளுடை தரித்து வேதனை தணித்த வித்தகியே! காய்ச்சற் கட்டிலருகே கண்துஞ்சாத காவற் சம்மனசே!

போதும். இதற்கு மேல் விளித்தால் தாங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள். "என்னை முன்னாலை இருத்தி வைச்சுப் புகழ்ந்தியளோ, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுவன், சொல்லிப்போட்டன்" என்று போன கிழமையே எச்சரித்தவர் தாங்கள். ஆகவே, யாரோ ஒரு பெர்னடெட் மிசியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறோம். பேசாமல் கதிரையில் இருந்து கேட்டருள வேண்டும். இதை எழுதுபவன் தலைமை எழுதுவினைஞன் ஆழ்வாப்பிள்ளை. இக்கதையில் அவனும் வருகிறான், நல்லவனாக அல்ல.

சவர்க்காரம் கிடையாத நாளில் சாம்பலால் கை கழுவியும், மின்சாரம் இல்லாத நாளில் போத்தல் விளக்கின் ஒளியில் ஊசி ஏற்றியும், மருந்து தீர்ந்த நாளில் வாயாற் சொல்லும் ஆறுதலையே மருந்தாக்கியும் மிசி ஆற்றிய பணி அளப்பரியது. அதையெல்லாம் மற்ற மிசிமாரும் செய்தார்கள். எவரும் செய்யாத ஒன்றைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசி, ஒரு வியாழக்கிழமை. மனநல வைத்தியர் வரும் பிற்பகல். வள்ளம் கட்டும் தச்சர் ஒருவர் விறாந்தைத் தூணைப் பிடித்தபடி நின்றார். தம் ஊருக்குக் கிட்ட வைத்தியசாலை இருந்தும், தெரிந்த முகம் இராது என்று சுன்னாகப் பக்கம்வரை சைக்கிள் மிதித்து வந்தவர். ஆனால் நம்மிடம் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. நோயாளியின் துண்டுச் சீட்டில் எழுதியதைப் பார்த்து, பெயரையும் வருத்தத்தையும் சேர்த்தே உரக்கக் கூப்பிடுவோம். "பஞ்சலிங்கம், வயித்துக்குத்து!" என்றால் கிணற்றடிவரை கேட்கும்.

தச்சர் மிசியிடம் மெல்லச் சொன்னார். "பொம்பிளையள் விசயத்திலை என்னை அடக்க ஏலாமல் கிடக்கு, மிசி. வேலையை விட்டிட்டும் போறன். வேண்டாம் வேண்டாம் எண்டு அழுதுகொண்டும் போறன். மனுசிக்குத் தெரிஞ்சு போச்சு. பிள்ளையளோடை தாய் வீட்டை போகப் போறா. இதுக்கு வைத்தியம் இருக்கோ, இல்லாட்டி நான் இப்பிடியே கெட்டுப் போறதோ?"

அந்த மனைவியை நினைத்து மிசிக்குத் தச்சர்மேல் முதலில் வந்தது கோபந்தான். பிறகு அவருடைய கையைப் பார்த்தார். உளி பிடித்துக் காய்த்த கை, நீட்டிய துண்டை வாங்காமல் தூணையே பற்றியிருந்தது. மிசி பேனையை எடுத்து, துண்டிலும் பதிவுக் கொப்பியிலும் வெறும் மூக்குச் சளிக்காரருக்கு எழுதுவதுபோல 'தடிமன்' என்று எழுதினார். கூப்பிட்டபோது தச்சர் நன்றிக்கடனாக ஒருமுறை தும்மியும் வைத்தார்.

அன்று தொடங்கி வியாழன் தவறவில்லை. வைத்தியரோடு ஒரு மணித்தியாலம் கதைப்பார். திரும்பும்போது, ஊரார் கேட்டால் சொல்வதற்கென்று சந்தையில் வெங்காயம் வாங்கிக் கரியரில் கட்டிக்கொண்டு போவார். நாலாம் கிழமை மனைவியே வந்தார். "ஆறு மாதம் பாக்கிறன், மிசி. அதுக்குப் பிறகு என்னை ஒண்டும் கேளாதேங்கோ." காதும் காதும் வைத்தாற்போல், அதே வருத்தத்தோடு வேறு நால்வரும் வந்து சேர்ந்தார்கள். ஐவருக்கும் தடிமன்தான்.

பதினான்காம் கிழமை மேலிடத்துக் கடிதம் வந்தது. பதிவுக் கொப்பியில் வியாழன் பிற்பகல் முழுக்கத் தடிமன்; தடிமனுக்கு மனநல வைத்தியர் எதற்கு? மாத முடிவோடு வியாழன் பிற்பகலை நிறுத்துக!

மிசி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "ஐயோ, என்ரை கையாலைதானே எழுதினனான்!" என்று தலையில் கை வைத்தார். மானத்தைக் காக்கப் போய் மருந்தையே பறித்துவிட்டேனே என்று அன்று அவர் அழுததை நாங்கள் கண்டோம். உண்மையைச் சொல்லலாமா என்று ஐவரையும் தனித்தனியே கேட்டார். பெயர் சொல்லாவிட்டால் சரி என்றார்கள்.

கூட்டம் கூடியது. வைத்திய அதிகாரி செபநாயகம் தலைமை. மிசி உண்மையைச் சொல்லி முடிக்குமுன் ஆழ்வாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பனடோல் இல்லை. ஆசையை அடக்கத் தெரியாதவனுக்கு அரசாங்கச் செலவிலை வைத்தியமோ? நல்லாயிருக்கு நியாயம்!" பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

மிசி குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் கேட்கிறது சரி, ஐயா. பனடோல் இல்லைத்தான். ஆனால் இந்த அஞ்சு பேரும் கேட்கிறது ஒரு கதிரையும் ஒரு மணித்தியாலமும். சாராயத்துக்கு அடிமையானவனுக்கு வாட்டிலை கட்டில் குடுக்கிறம்; அவனும் ஆசையிலைதானே துவங்கினவன்? இன்னொண்டு. புருசன் கொண்டுவந்த நோய்க்குப் பென்சிலின் ஊசி போட எத்தினை பெண்சாதிமார் எங்கடை பக்கம் வருகினம் எண்டு எனக்குத் தெரியும். அந்த ஊசியும் அரசாங்கத்தின்ரைதான். வருத்தம் எண்டு நான் சொல்லுறது இந்த ஆம்பிளையளைத் தப்பவிட இல்லை. வியாழக்கிழமை வர வைக்க."

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் இருந்துவிட்டான். செபநாயகம் ஐயா வியாழன் பிற்பகலைத் தொடரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார், மேலிடமும் ஒத்துக்கொண்டது. வருத்தத்தை உரக்கக் கூப்பிடும் வழக்கமும் அன்றோடு ஒழிந்தது. பதிவுக் கொப்பியில் புதிய நிரல் கோடிட்டவன் ஆழ்வாப்பிள்ளை. 'காம அடிமை நோய்' என்று தலைப்பெழுதியவர் மிசி.

எல்லோரும் குணமானார்கள் என்று எழுதினால் மிசி இந்த மடலை வாங்கமாட்டார். ஒருவர் வராமலே நின்றுவிட்டார். தச்சரும் ஒருமுறை சறுக்கினார். மறு வியாழன் தாமே வந்து சொன்னார். ஆறு மாதம் முடிந்த அன்று மனைவி வந்தார். "இன்னும் முழுசா நம்பேல்லை, மிசி. ஆனால் போகேல்லை. உந்த வெங்காயத்தை மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்கோ, வீடு முழுக்க மணக்குது!"

இனி நேரே சொல்கிறோம், அம்மா. தாங்கள் காப்பாற்றிய வியாழன் தங்களோடு ஓய்வு பெறாது. அதற்கான கடிதம் கையெழுத்தாகிவிட்டது. இன்று பதினொருவர் வருகிறார்கள். தங்கள் கால்கள் களைப்பாறட்டும். கண்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் குளிரட்டும். நோயின்றி நூறாண்டு இருந்து, இவ்வழியே போகும்போதெல்லாம் உள்ளே வந்து எங்களை ஏசிவிட்டுப் போக வேண்டும்.

ஒரு சொல் மிச்சம். இம்மடலுக்கு மரச்சட்டம் அடித்தவர் அந்தத் தச்சரே. நேற்று மனைவியோடு வந்து அதை மேசையில் வைத்தார். "ஐயா, கீழை என்ரை பேரையும் போடுங்கோ. வருத்தத்தையும் போடுங்கோ. தடிமன் எண்டு போட்டிடாதேங்கோ." ஆழ்வாப்பிள்ளை தயங்கி, தச்சரின் மனைவியைப் பார்த்தான். "போடுங்கோ," என்றார் அவர். "என்ரை பேரையும் சேர்த்து."

என்றும் தங்கள் அன்பை மறவாத,

வைத்தியசாலை ஊழியர் அனைவரும்

சந்தியோகு, வள்ளத் தச்சர். காம அடிமை நோய். வியாழக்கிழமைகளில் வருபவர்.

லூர்த்தம்மா, அவர் மனைவி.

மார்கழி, 1994